கரடுவழிப் பிக்கப் வண்டி: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

விளைந்த பொருள் சந்தையில் சேரும்வரையில் விவசாயியின் வேலை முடிந்ததாகாது. நிலத்தை நன்கு உழுது, தக்க எருவிட்டு, பூச்சிகளினின்றும் பயிரைக் காத்து, நல்ல மகசூல் கண்ட பின்னரும், தோட்டத்திற்கும் தார்ச்சாலைக்கும் இடையேயுள்ள ஒரு மைல் பாதையினால் இலாபத்தை இழப்போர் பலர். மலையடிவாரங்களிலும், கரிசல் நிலங்களிலும், காட்டாறுகளைக் கடந்து செல்லவேண்டிய ஊர்களிலும் இவ்வின்னல் மிகுதி. இதனைத் தீர்க்கும் பொருட்டு, நான்கு சக்கரங்களாலும் இழுக்கவல்ல பிக்கப் வண்டியை வாங்கி, அதற்குப் பெரிய டயர்களும், உயர்த்திய ஸ்பிரிங்குகளும், வின்ச்சும், இரும்புத் தடுப்புகளும் பூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவி வருகின்றது. அத்தகைய வண்டி கொடுத்த பணத்திற்குத் தகுந்த பயனைத் தருமா என்பதை விவசாயிகள் தாமே கணித்தறியும் முறையை விளக்குவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

இதனைச் சாதாரண விஷயமாகக் கருதலாகாது. இவ்வண்டிகள் பெரும்பாலும் கடன்பட்டே வாங்கப்படுகின்றன. தவணை தவறாது கட்டவேண்டியது மாதந்தோறும். விளைச்சல் வருவதோ பருவந்தோறும். சரக்கு விலை வீழ்ந்த ஆண்டில் வண்டித் தவணைக்காக நகையையும் நிலத்தையும் ஈடுவைக்க நேரிடுமாயின், பாதையைக் கடக்க வாங்கிய வண்டி நிலத்தையே கடத்திச் சென்றுவிடும்.

1. இழுவையின் இயல்பு

சாதாரணப் பிக்கப் வண்டியில் எஞ்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்கு மாத்திரம் செல்லும். பாரம் இல்லாதபோது வண்டியின் எடையில் பெரும்பகுதி முன்பக்கத்திலேயே இருத்தலால், பின் சக்கரங்கள் தரையைப் போதுமான அளவு அழுத்துவதில்லை. ஆகவே, சேற்றில் அவை வீணே சுழலும். பாரம் ஏற்றி வரும்போது எளிதாய்க் கடந்த இடத்தில், வெறும் வண்டி சிக்கிக்கொள்வதன் காரணம் இதுவே.

நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியில், வேண்டும்போது முன் சக்கரங்களுக்கும் சக்தி செல்லும். அன்றியும், குறைந்த வேகத்தில் மிகுந்த பலம் தரும் தாழ்ந்த கியர் ஒன்றும் அதில் உண்டு. செங்குத்தான ஏற்றத்திற்கு இது உதவுவதுடன், இறக்கத்தில் எஞ்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தவும் உதவும். மலைப்பாதையில் பிரேக் சூடேறிச் செயலிழக்கும் அபாயம் இதனால் குறைகின்றது.

ஆயினும் இரண்டு விஷயங்களை மனத்திற்கொள்ளல் வேண்டும். முதலாவது, பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச்சாலையில் உபயோகிக்கலாகாது. திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளும்; இவ்வேற்றுமையை ஏற்கும் நடு டிபரன்ஷியல் அவ்வண்டிகளில் இல்லாமையால், பற்சக்கரங்களும் ஆக்ஸில்களும் முறுக்குண்டு பழுதாகும். இரண்டாவது, சாதாரண டிபரன்ஷியல் ஓர் ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் சமமான விசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிப்பின்றிச் சுழலுமாயின், கெட்டித் தரையில் நிற்கும் மற்றொரு சக்கரத்திற்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். எனவே, முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரு சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கினால், நான்கு சக்கர வண்டியும் அசையாது நின்றுவிடும். இக்குறையைத் தீர்ப்பது டிபரன்ஷியல் பூட்டு. உற்பத்திச் சாலையிலேயே இப்பூட்டு அமைந்த வண்டியாயின், வெளியே வாங்கிப் பூட்டும் பல அலங்காரக் கருவிகளைக் காட்டிலும் அது அதிகப் பயன் தரும்.

2. சேர்க்கும் கருவிகளும் அவற்றின் குணதோஷங்களும்

டயர். வண்டிக்கும் தரைக்கும் உள்ள உறவு டயர் ஒன்றினால் மாத்திரமே ஆவது. ஆதலின், செலவு செய்வதில் முதலிடம் இதற்கே உரியது. ஆழ்ந்த வரிகளையுடைய டயர் செம்மண் சேற்றிலும் சரளையிலும் நன்கு பிடிக்கும். ஈரக் கரிசலிலோ, மண் களிபோல் அப்பி வரிகளை நிரப்பிவிடுவதால், எவ்வளவு விலையுயர்ந்த டயரும் வழவழப்பான உருளையாக மாறும். மழை ஓய்ந்து மேற்பரப்பு இறுகும்வரை காத்திருப்பதே அந்நிலத்தில் உசிதம். ஈர நிலத்தின்மேல் கனமான வண்டியை ஓட்டுவது மண்ணை இறுகச் செய்து, அடுத்த போகத்தின் வேரோட்டத்தையும் கெடுக்கும்.

டயரின் அளவை மாற்றுவோர் அதன் பின்விளைவையும் அறிதல் வேண்டும். விட்டம் பத்தில் ஒரு பங்கு அதிகரித்தால், சக்கரம் தரையில் செலுத்தும் இழுவிசை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது வீதம் குறையும். வேகமானி 50 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 55 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பிரேக்கிற்கும் வேலை கூடும். ஏற்றத்தில் பலம் வேண்டி வாங்கிய வண்டியின் பலத்தை, தோற்றத்திற்காகப் பூட்டிய டயர் குறைத்துவிடுகின்றது.

உயர்த்திய ஸ்பிரிங். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி இதனால் கூடும் என்று பலரும் எண்ணுகின்றனர். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்ஸிலும் உள்ள வண்டியில், கல்லில் முதலில் இடிப்பது டிபரன்ஷியல் குடமே. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல் உயருமேயன்றி அக்குடம் ஒரு நூலளவும் உயராது. அதனை உயர்த்துவது டயர் ஒன்றே. அதிலும் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் இடைவெளி ஓர் அங்குலமே கூடும். உடல் உயர்வதால் பாரத்தின் மையமும் உயர்ந்து, சாய்வான மலைப்பாதையில் வண்டி கவிழும் அபாயம் அதிகரிக்கும். மேலே குவித்து ஏற்றிய வாழைத்தாரும் சேருமாயின் அபாயம் இன்னும் மிகும்.

வின்ச். தனியே செல்லும் வண்டி சிக்கிக்கொண்டால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள இது உதவும். பாரத்துடன் கூடிய மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கவல்லதாக இருத்தல் வேண்டும். மூன்று டன் எடைக்கு நாலரை டன் வின்ச் தேவை. அதன்மீது எழுதியுள்ள சக்தி, உருளையில் கம்பியின் முதற்சுற்று மாத்திரம் எஞ்சியிருக்கும்போது கிடைப்பது; சுற்றுகள் ஏற ஏற இழுவிசை குறையும். கப்பி ஒன்றை இடையில் மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். கட்டுவதற்கு உறுதியான மரமோ பாறையோ அருகில் இல்லாத வெட்டவெளியில் வின்ச் பயன்படாது. இழுக்கும்போது கம்பி அறுந்தால் உயிருக்கே அபாயம் நேரும்; ஆதலின் ஆட்களை வெகுதூரம் விலக்கி நிறுத்துதல் அவசியம்.

உயர்ந்த காற்றுக்குழாய். எஞ்ஜினுக்குள் நீர் புகாமல் காற்றை மேலிருந்து இழுக்க இது உதவும். ஆனால், ஓடும் நீரைக் கடக்கும் உரிமையை இது எவருக்கும் அளிப்பதில்லை. இரண்டடி ஆழமுள்ள வேகமான நீரே பிக்கப் வண்டியைத் தூக்கிச் செல்லப் போதுமானது. வெள்ளத்தினடியில் பாதை அரித்துப்போயிருப்பதும் கண்ணுக்குப் புலப்படாது. காட்டாற்றில் நீர் வடியக் காத்திருப்பதே அறிவுடைமை.

அடித்தகடு. கற்கள் நிறைந்த பாதையில் எண்ணெய்த் தொட்டியையும் கியர்ப் பெட்டியையும் இது காக்கும். சரளைப் பாதைக்கு உகந்தது. மண் பாதைக்கு அவசியமன்று.

3. பாரக் கணக்கு

பூட்டிய கருவி ஒவ்வொன்றும் சரக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை வாங்குவோர் மறந்துவிடுகின்றனர். வண்டியின் மொத்த எடைக்கு உற்பத்தியாளர் ஓர் எல்லை விதித்துள்ளார். அது பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அவ்வெல்லையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் எஞ்சுவதே ஏற்றக்கூடிய பாரம். ஸ்பிரிங்கை உயர்த்தியதனாலோ டயரை மாற்றியதனாலோ இவ்வெல்லை உயர்வதில்லை.

விளங்கும் பொருட்டு, 1,000 கிலோ பாரம் ஏற்றத்தக்க ஒரு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதில் கீழ்க்கண்டவை பூட்டப்படுவதாக வைத்துக்கொள்க:

முன்புற இரும்புச் சட்டமும் வின்ச்சும் — 100 கிலோ
பின்புற இரும்புச் சட்டம் — 45 கிலோ
அடித்தகடுகள் — 50 கிலோ
மேற்சட்டமும் கருவிப் பெட்டிகளும் — 70 கிலோ
ஐந்து பெரிய டயர்களின் அதிக எடை — 50 கிலோ
இரண்டாம் பாட்டரி — 25 கிலோ
ஆக மொத்தம் — 340 கிலோ

டிரைவரும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 195 கிலோ எனக் கொண்டால், கருவிகள் பூட்டாத வண்டியில் 805 கிலோ சரக்கு ஏற்றலாம். பூட்டிய வண்டியில் 465 கிலோ மாத்திரமே ஏற்றலாம். பெட்டி ஒன்றுக்கு 25 கிலோ தக்காளியாயின், முன்னதில் 32 பெட்டிகள். பின்னதில் 18 பெட்டிகள். ஒரு பறிப்பில் 96 பெட்டிகள் கிடைக்குமாயின், முதல் வண்டி மூன்று நடையில் முடிக்கும் வேலையை இரண்டாவது வண்டி ஆறு நடையில் முடிக்கும். டீசலும் கூலியும் இரட்டிப்பதோடு, விடியுமுன் சந்தை சேரவேண்டிய சரக்கு உச்சிப்பொழுதில் சேரும்.

எல்லையை மீறி ஏற்றுவோம் என்பார்க்கும் வழியில்லை. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகப்பாரத்திற்கு ரூ. 20,000 அபராதமும், மிகுதியான டன் ஒன்றுக்கு ரூ. 2,000 வீதம் மேலபராதமும் குறிக்கப்பட்டுள்ளன. கருவி பூட்டிய வண்டியைப் பாரமின்றி ஒருமுறை எடை மேடையில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பது, இவ்விஷயத்தில் எல்லா ஐயங்களையும் தீர்த்துவிடும்.

4. சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்குப் பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியைத் திருத்தியமைப்பதைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வண்டியின் முன்னே பூட்டும் இரும்புத் தடுப்புச் சட்டம் இப்பிரிவுக்கு விரோதமானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. அச்சட்டம் வழியில் நடப்போருக்கு அதிகக் காயம் விளைவிப்பதோடு, மோதலின்போது காற்றுப்பைகள் தக்க தருணத்தில் விரிவதற்கும் இடையூறு செய்யும்.

இதனால் விளையும் நஷ்டம் அபராதத்துடன் நிற்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிவியாத மாற்றங்களையுடைய வண்டி விபத்துக்குள்ளானால், நஷ்டஈடு கேட்கும்போது தகராறு எழும். ஆகவே, எக்கருவியையும் பூட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்து மூலமான பதிலைப் பெற்றுக்கொள்க. உற்பத்திச் சாலையிலேயே அமைக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றவற்றுக்கு இத்தொல்லை இல்லை. சரக்கு வண்டியில் கூலியாட்களைக் கூட்டமாக ஏற்றிச் செல்வதும் சட்ட விரோதம் என்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

5. ஆண்டுச் செலவுக் கணக்கு

வண்டியின் விலையை மாத்திரம் நோக்குதல் போதாது. தேய்மானம், வட்டி, வரி, இன்ஷூரன்ஸ் ஆகியவை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவுகள். டீசல், எண்ணெய், டயர், பழுது ஆகியவை ஓடும் தூரத்திற்கேற்ப வருபவை. மூன்றுவகை வண்டிகளைக் கீழே ஒப்பிட்டுக் காண்க. இவ்வெண்கள் கணக்கு முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவையே. ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் விசாரித்தறிந்த தொகையை இவற்றுக்குப் பதிலாக இட்டுக்கொள்ளல் வேண்டும்.

முதல் வண்டி: பின் சக்கர இழுவை, விலை ரூ. 10 லட்சம்.
இரண்டாம் வண்டி: நான்கு சக்கர இழுவை, வேறு கருவி இல்லை; விலை ரூ. 12 லட்சம்.
மூன்றாம் வண்டி: இரண்டாம் வண்டியுடன் ரூ. 4 லட்சத்திற்குக் கருவிகள், ஆக ரூ. 16 லட்சம்.

பத்தாண்டுகளுக்குப்பின் வண்டியின் விலையில் நூற்றுக்கு 30 வீதம் திரும்பக் கிடைப்பதாகவும், பழைய கருவிகளுக்கு விலை ஏதும் கிடைக்காததாகவும் கொள்வோம். வட்டி, வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சராசரித் தொகையின்மேல் நூற்றுக்கு 10 வீதம். ஓட்டம் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். டிரைவர் சம்பளம் மூன்றுக்கும் பொதுவாதலின் விடப்பட்டது.

தேய்மானம்: முதல் வண்டிக்கு ரூ. 70,000, இரண்டாவதற்கு ரூ. 84,000, மூன்றாவதற்கு ரூ. 1,24,000.
வட்டி: முறையே ரூ. 65,000, ரூ. 78,000, ரூ. 98,000.
வரியும் இன்ஷூரன்ஸும்: முறையே ரூ. 40,000, ரூ. 45,000, ரூ. 50,000.
ஓட்டச் செலவு, கிலோமீட்டருக்கு ரூ. 12, ரூ. 13, ரூ. 16 வீதம்: முறையே ரூ. 1,44,000, ரூ. 1,56,000, ரூ. 1,92,000.
ஆண்டு மொத்தம்: முறையே ரூ. 3,19,000, ரூ. 3,63,000, ரூ. 4,64,000.

நான்கு சக்கர இழுவைக்காக ஆண்டொன்றுக்கு அதிகம் ஆவது ரூ. 44,000. அதன்மேல் பூட்டிய கருவிகளுக்காக ஆவது ரூ. 1,01,000. குறைந்த பாரத்தினால் நேரும் அதிக நடைகளின் செலவு இதில் சேர்க்கப்படவில்லை.

இனி, முதல் வண்டி செல்ல இயலாத நாளில் டிரெயிலருடன் டிராக்டரை வாடகைக்கு அமர்த்திச் சரக்கைச் சாலைவரை கொண்டுவர ரூ. 2,000 ஆவதாகக் கொள்வோம். ரூ. 44,000-ஐ 2,000-ஆல் வகுக்க, 22 வரும். ஆண்டில் 22 நாட்களுக்கு மேல் பாதை தடைப்படுமாயின் இரண்டாம் வண்டி இலாபகரமானது; குறையுமாயின் டிராக்டர் வாடகையே சிக்கனம். ரூ. 1,01,000-ஐ அவ்வாறே வகுக்க, ஏறக்குறைய 51 வரும். அதாவது, வெறும் நான்கு சக்கர வண்டியும் தோற்று, கருவி பூட்டிய வண்டி மாத்திரம் வெல்லும் நாட்கள் ஆண்டுக்கு 51 இருந்தாலன்றி அக்கருவிகளின் செலவு ஈடாகாது. அத்தகைய நாட்கள் ஐந்தாவது உண்டா என்பதை விவசாயிகள் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கக்கடவர்.

டிராக்டரும் கிடைக்காத இடமாயின் கணக்கு வேறாகும். அழுகும் சரக்கினால் நாளொன்றுக்கு ரூ. 8,000 நஷ்டமாகுமெனில், இரண்டாம் வண்டி ஆறு நாட்களிலேயே தன் அதிகச் செலவை ஈடு செய்துவிடும். மூன்றாம் வண்டிக்கு மேலும் 13 நாட்கள் வேண்டும். எனவே, விடையை நிர்ணயிப்பவை தடைப்படும் நாட்களின் தொகையும், அந்நாட்களில் காத்திருக்கும் சரக்கின் இயல்புமாகும். மல்லிகை, தக்காளி, கீரை, பால் ஆகியவை ஒரு நாளும் பொறுக்கமாட்டா. தேங்காய், மிளகு, மஞ்சள், புளி ஆகியவை ஒரு வாரமும் பொறுக்கும். பொறுக்கும் சரக்குடையோர் மழை வெறிக்கும்வரை காத்திருந்தால் ஒரு காசும் செலவில்லை.

6. தடைக் குறிப்பேடு

தடைப்படும் நாட்களை ஞாபகத்திலிருந்து கூறுவோர் பெரும்பாலும் மிகுத்தே கூறுவர்; சேற்றில் சிக்கி இரவைக் கழித்த ஒருநாள் பத்து நாளாகத் தோன்றுவது மனித இயல்பு. ஆதலின், வாங்குமுன் ஓராண்டுக் காலம் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. அம்மூன்று மாதங்களிலேனும் நாள் தவறாது எழுதுக. குறிக்கவேண்டியவை: தேதி; மழையின் அளவு; தடைப்பட்ட இடம்; தடையின் காரணம் சேறா, கல்லா, ஏற்றமா, ஓடுநீரா என்பது; அன்று காத்திருந்த சரக்கு; மாற்று வழிக்கு ஆன செலவு; நேர்ந்த நஷ்டம்.

காரணத்தைப் பிரித்தெழுதுவது மிக முக்கியம். சேறாயின் டயரும் நான்கு சக்கர இழுவையும் உதவும். கல்லாயின் இடைவெளியும் அடித்தகடும் உதவும். ஏற்றமாயின் தாழ்ந்த கியரும் டிபரன்ஷியல் பூட்டும் உதவும். ஓடுநீராயின் எவ்வண்டியும் உதவாது. நோயறியாது மருந்து வாங்குவதுபோல், காரணமறியாது கருவி வாங்குதல் கூடாது.

7. வண்டியைத் திருத்துவதா, வழியைத் திருத்துவதா?

குறிப்பேட்டை நோக்கினால், தடை பெரும்பாலும் ஒரே இடத்திலோ இரண்டு இடங்களிலோ திரும்பத் திரும்ப நேர்வது புலப்படும். தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளம், ஓடை குறுக்கிடும் ஒரு துறை, மழைநீர் அரித்த ஒரு வளைவு ஆகியவையே பாதை முழுவதையும் பயனற்றதாக்குகின்றன. நான்கு லட்சம் ரூபாய்க்குக் கருவி பூட்டினால் ஒருவருடைய வண்டி மாத்திரம் அப்பள்ளத்தைக் கடக்கும். அதில் ஒரு பகுதியைச் செலவிட்டு அப்பள்ளத்தைத் திருத்தினால், எல்லோருடைய வண்டியும், பால்காரரின் சைக்கிளும், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் கடப்பர்.

மண் பாதைக்கு முதல் விரோதி தண்ணீர். பாதையின் நடுவை உயர்த்தி இருபுறமும் சாய்வு கொடுத்து, பக்கக் கால்வாய் வெட்டி, நீரை வெளியேற்றினால் பாதியளவு தொல்லை தீரும். தாழ்ந்த இடத்தில் பெருங்கற்களைப் பரப்பி, அதன்மேல் ஜல்லியும் கிராவலும் இட்டு இறுக்குதல் வேண்டும். சிற்றோடைக்குச் சிமெண்டுக் குழாய்ப் பாலம் அமைக்கலாம். அகன்ற ஓடைக்கு, வெள்ளம் மேலே வழிந்தோடும்படி கான்கிரீட் தளம் இடலாம். மலைச்சரிவில் நீர் பாதையோடு ஓடி அரிக்காதபடி, இடையிடையே குறுக்கு வாய்க்கால்கள் அமைக்கவேண்டும்.

இங்குக் கிராம அதிகாரிகளின் பணி பெரிது. பல வண்டிப்பாதைகள் ஆக்கிரமிப்பினால் குறுகியும், பக்கக் கால்வாய் தூர்க்கப்பட்டும் கெட்டுள்ளன. புல அளவைப் படத்தைக் கொண்டு பாதையின் உண்மையான அகலத்தை நிலைநாட்டி, பட்டாதாரர்களைக் கலந்து, ஊராட்சி மூலமாகச் செப்பனிட ஏற்பாடு செய்தால், வீட்டுக்கொரு கருவி வண்டி வாங்கவேண்டிய அவசியம் நீங்கும். காட்டு இலாகாவின் எல்லைக்குள் செல்லும் பாதையாயின், அனுமதி பெறாது மண்ணைத் தொடலாகாது.

8. எவருக்குத் தகும்?

மேற்கூறியவற்றால் இவ்வண்டி எவருக்குமே வேண்டாததென்று கொள்ளற்க. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945-ல் வில்லிஸ் கம்பெனியார் ஜீப்பின் சிவில் வடிவத்தையும், 1946-ல் டாட்ஜ் கம்பெனியார் பவர் வாகன் என்னும் நான்கு சக்கரப் பிக்கப் வண்டியையும் அமெரிக்க விவசாயிகளுக்கு விற்கத் தொடங்கினர். வின்ச்சும், எஞ்ஜினின் சக்தியால் பிற யந்திரங்களை ஓட்டும் இணைப்பும் அவற்றுக்குக் கிடைத்தன. மரம் அறுக்கவும், நீர் இறைக்கவும், கட்டைகளை இழுக்கவும் அவ்வண்டி உதவியது. பாதை கெட்ட நாட்களில் மாத்திரமன்றி, மற்ற நாட்களிலும் கருவிகள் வேலை செய்து கூலி ஈட்டியதே அதன் சிறப்பு. இக்காலத்தில் அவ்வேலைகளை நம் நாட்டில் டிராக்டர் செய்துவிடுகின்றது.

சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் உள்ளதுபோல், விளைபொருளைக் குதிரைமீதும் தலைச்சுமையாகவும் இறக்கவேண்டிய தோட்டங்கள் உண்டு. அங்குப் பாதை அகலமாக இருந்து, செங்குத்தும் கல்லுமே தடையாயின், நான்கு சக்கர இழுவையும், தாழ்ந்த கியரும், டிபரன்ஷியல் பூட்டும், அடித்தகடும் உள்ள வண்டி விலைக்குத் தகுந்ததே. நாளும் பால் சேகரிக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், அடுத்தடுத்த தோட்டக்காரர் நால்வர் ஐவர் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டிற்கும் இது பொருந்தும். மழைநாட்களில் நோயாளியைச் சாலைவரை கொண்டுசேர்க்க வேறு வழியில்லாத மலையூர்களில், ரூபாய்க் கணக்கு ஒன்றைக்கொண்டே முடிவு செய்தலும் முறையன்று. ஆயினும் அதனை ஒரு குடும்பத்தின் கடனாக ஆக்காது, ஊர்ப் பொதுவில் ஏற்பதே நியாயம்.

9. வாங்க முடிவு செய்தோர்க்கு

முதலில் நான்கு சக்கர இழுவையும் டிபரன்ஷியல் பூட்டும் உற்பத்திச் சாலையிலேயே அமைந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கவும். விற்பனையாளர் காட்டும் மேடையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. தம் தோட்டத்துப் பாதையில், தம் சரக்கை ஏற்றி, மழை பெய்த மறுநாள் ஓட்டிக் காட்டும்படி கேட்கவும். அருகிலுள்ள பட்டறையில் அவ்வண்டிக்கு உதிரி சாமான்கள் கிடைக்குமா என்பதையும் விசாரிக்கவும்.

உற்பத்தியாளர் அனுமதித்த அளவிலேயே நல்ல சேற்று டயர்களை இடுக. மண்வெட்டி ஒன்று, உறுதியான இழுவைப் பட்டை ஒன்று, சக்கரத்தின்கீழ் இட இரண்டு பலகைகள், காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்று ஆகியவற்றை வண்டியில் வைக்கவும். வெறும் வண்டி மணலில் சிக்கினால் டயரின் காற்றைச் சிறிது குறைத்து மெதுவாக வெளியேறலாம். சாலை சேர்ந்ததும் மீண்டும் நிரப்புதல் வேண்டும். நான்கு சக்கர இழுவையைச் சேற்றில் இறங்குமுன்னரே பூட்டுக. சிக்கியபின் பூட்டினால், அதற்குள் சக்கரம் தோண்டிய குழி பகையாகும். இவ்வாறு இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தபின்னரும் குறிப்பேட்டில் தடை மிகுந்து காணுமாயின், அத்தடைக்குரிய கருவி ஒன்றை மாத்திரம் சட்டப்படி சேர்க்கலாம்.

பாடச் சுருக்கம்

1. தடைப்படும் நாட்களை ஞாபகத்தால் அன்றிக் குறிப்பேட்டால் அறிக.
2. தடையின் காரணத்தைப் பிரித்தறிந்து, அதற்குரிய மருந்தை மாத்திரம் வாங்குக.
3. பூட்டும் கருவியின் எடையைச் சரக்கின் எடையிலிருந்து கழித்துப் பார்க்க.
4. நான்கு சக்கர இழுவையின் செலவையும், கருவிகளின் செலவையும் தனித்தனியே கணக்கிடுக. முன்னது பலருக்கு ஈடாகும். பின்னது சிலருக்கே ஈடாகும்.
5. பதிவு, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு மாறான மாற்றம் எதனையும் செய்யற்க.
6. வண்டிக்குச் செலவிடுமுன், அதே பணத்தால் பாதையின் கெட்ட இடத்தைத் திருத்த இயலுமா என்று ஊராரோடு கூடி ஆலோசிக்க.

பயிற்சி: தம் தோட்டத்திலிருந்து சாலைவரையுள்ள பாதையை மழை பெய்த மறுநாள் நடந்து சென்று, வண்டி நிற்கக்கூடிய இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் திருத்த ஆகும் செலவையும், அதனைக் கடக்கவல்ல கருவியின் ஆண்டுச் செலவையும் எதிரெதிரே குறித்து ஒப்பிடுக.